பூஜ்யத்துக்கு வந்த அழைப்பு

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். என் நாத்தனார் வாயில் லேசில் பொய் வராது. வாழ்நாளில் அவள் சொன்ன பெரிய பொய் ஒன்றுதான். அந்த ஒன்றால்தான் இது நடந்தது.

ஆம்புலன்ஸ் கூப்பிடும் செயலி நடத்தும் கம்பெனியில் அவளுக்கு வேலை. மக்கள் செல்போனில் பட்டனை அழுத்தினால் அழைப்பு கிளவுடில் இருக்கும் சர்வருக்குப் போகும். எந்தச் சர்வருக்கு எத்தனை சதவீதம் என்று கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்துத் திருப்பிவிடுவது இவள்தான். ஏழு மாதத்துக்கு முன் ஒரு புதுச் சர்வரைச் சோதிக்க 10 என்று அடிக்க வேண்டியவள், அவசரத்தில் 100 என்று அடித்துவிட்டாள். புதுச் சர்வரோ அரைகுறை. பதினொரு நிமிடம் வந்த அழைப்பெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். அந்த நேரத்தில் மூச்சுத்திணறிய ஓர் அம்மா, வண்டி வராமலே இறந்துபோனார்.

"சர்வர் கோளாறு சார்" என்றாள் மேலாளரிடம். அவரும் நம்பிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

அந்தச் சர்வருக்கு 0 சதவீதம் போட்டு ஒதுக்கிவைத்திருந்தார்கள். அதை அழிக்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். ஆபீஸில் வேறு ஆளில்லை.

2.17. அழிக்குமுன் பதிவுகளைத் திறந்தாள். புதிதாக ஓர் அழைப்பு இருந்தது.

பூஜ்யத்துக்கு எப்படி வரும்? மறுபடி 0 அடித்தாள். என்டர்.

டிங்.

2.18. இன்னொன்று. அதே முகவரி.

அந்த முகவரி அவளுக்கு மனப்பாடம்...

நெட் ஒயரைப் பிடுங்கினாள்.

டிங்.

2.19. இந்த முறை குறிப்பும் இருந்தது. "மூச்சு விட முடியல. வண்டி எங்க?"

அழிக்கும் கட்டளை திரையில் தயாராக நின்றது. ஒரே தட்டு. கை வரவில்லை.

"மன்னிச்சிருங்கம்மா..." வாய்விட்டு அழுதாள். ஒயரை மாட்டினாள். கட்டளையை மாற்றினாள். அந்த ஓர் அழைப்பை மட்டும் ஓடுகிற சர்வருக்குத் திருப்பிவிட்டாள்.

என்டர்.

2.31.

அதற்குப் பிறகு டிங் சத்தமில்லை...

மறுநாள் மேலாளரிடம் உள்ளதைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. "விசாரணை முடியறவரைக்கும் வராதேம்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

வெளியே வந்தால், ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர் அவளுக்காகக் காத்திருந்தார்.

"மேடம், நேத்து ரெண்டரைக்கு ஒரு வீட்டுக்கு அனுப்பினீங்களே... வாசல்லயே ஒரு அம்மா நின்னாங்க. ஏத்திக்கிட்டேன். ஆஸ்பத்திரியில கதவத் திறந்தா ஆளக் காணோம். திரும்ப அந்த வீட்டுக்கே போய்க் கேட்டா, அவங்க செத்து ஏழு மாசமாம்."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"வழியில... ஏதாவது பேசினாங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம். வண்டியை அனுப்பினது யாருன்னு கேட்டாங்க."

"நீங்க..."

"ஸ்கிரீன்ல உங்க பேர் இருந்துச்சு. சொல்லிட்டேன்."