வெறும் குப்பியில் ஒரு மேடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மாத்திரை கம்பெனி. அதன் பரிசோதனைக்கூடத்தில் கிறிஸ்டினா என்றொரு சீனியர் கெமிஸ்ட் இருக்கிறாள். தங்கமான மனுஷிதான். ஆனால் அவள் பக்கத்தில் நின்று மட்டும் தும்மிவிடாதீர்கள்.

வீடு அத்திப்பட்டு புதுநகரில். அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஜன்னல் வழியாக வந்து உட்காரும். இவள் ஈரத்துணியோடு அதைத் துரத்துவாள். இருபது வருஷமாக இந்தச் சண்டை நடக்கிறது, இன்னும் யாரும் ஜெயிக்கவில்லை. கணவன் பென்னி கூட வேலை முடிந்து வந்தால் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே வர வேண்டும். "எங்க ஊட்ல நான் ஒரு வாடகை பார்ட்டி" என்பான் அவன். அவளிடம் இல்லை, டீக்கடையில்.

இப்பேர்ப்பட்டவளிடம் கம்பெனி ஒரு ஆட்டோசாம்ப்ளரைக் கொடுத்திருந்தது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தட்டு நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளை அடுக்கி வைத்தால், ஒரு ஊசி இறங்கி ஒவ்வொன்றிலும் துளி உறிஞ்சி மெஷினுக்குள் செலுத்தும். மருந்து இருந்தால் திரையில் கோடு மேடு கட்டி எழும். மருந்தே இல்லாத வெறும் கரைசலையும் ஒரு குப்பியில் வைப்பார்கள். அதற்குக் கோடு தரையோடு படுத்துக் கிடக்க வேண்டும். முந்தின குப்பியின் மிச்சம் ஊசியில் ஒட்டிக்கொண்டு வந்து இதில் மேடு காட்டினால், அதற்குப் பெயர் கேரி ஓவர். அந்தப் பெயரைக் கேட்டாலே கிறிஸ்டினாவுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஊசி ஒவ்வொரு தடவையும் எதில் முங்கி எழ வேண்டும், எவ்வளவு நேரம் முங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் போட்ட சட்டம்.

அன்று ரத்த அழுத்த மாத்திரை ஒரு லாட் வெளியே போக வேண்டும். வெறும் குப்பியில் மேடு எழுந்து நின்றது.

கரைசல் தயாரித்தவர் சஹாபுதீன். பழவேற்காட்டுக்காரர், அவள் வயசுதான், அவளைப் போலவே பழைய ஆள். "ஊசில ஒட்டிக்கினு வருது மேடம், கொஞ்சம் பாருங்க" என்று பணிவாகத்தான் சொன்னார். போதாதா? அவள் ஊசியையா சொல்கிறார்! பத்திக்கொண்டு வந்தது அவளுக்கு. மத்தியானம் கேண்டீனில், அத்தனை பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது கத்திவிட்டாள்:

"ஊசில ஒண்ணும் இல்ல பாய்! உங்க கை அழுக்கு! கைய ஒழுங்கா கழுவிக்கினு வந்து கரைசல் போடுங்க!"

மேனேஜர் பூவராகவன் காதுக்கு இது போனது. லாட் தேங்கிய கடுப்பில் இருந்த மனிதர், திங்கட்கிழமையிலிருந்து சஹாபுதீனை பேக்கிங்குக்கு மாற்றுவதாகச் சொல்லிவிட்டார். பேக்கிங் என்றால் ஷிப்டு வேலை. பழவேற்காட்டுக்கு ராத்திரியில் பஸ் ஏது? வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார் என்று மரியாதையாகச் சொல்வதுதான் அது.

வெள்ளிக்கிழமை வந்தது. சஹாபுதீன் தொழுகைக்குப் போயிருந்தார், மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. கிறிஸ்டினா மட்டும் கூடத்தில் இருந்தாள். குற்றத்தைச் சந்தேகமில்லாமல் நிரூபித்துவிடலாம் என்று ஒரு ஆசை. வீம்பு, வேறென்ன!

அதே வெறும் குப்பியில் ஊசியை மறுபடி மறுபடி இறக்கினாள். ஊசியில் மிச்சம் இருந்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மேடு தேய வேண்டும். தேயவில்லை. அப்படியே நின்றது. ஊசி நிரபராதி!

"இப்ப இன்னா சொல்றீங்க பாய்?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

கடைசி ஆணியையும் அடித்துவிட வேண்டும் அல்லவா? சஹாபுதீன் தயாரித்து வைத்திருந்த அதே கரைசலை எடுத்தாள். பிரிக்காத பாக்கெட்டிலிருந்து ஒரு புதுக் குப்பியை எடுத்து அதில் ஊற்றி வைத்தாள். மேடு வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

கோடு தரையோடு படுத்துக் கிடந்தது.

கரைசலில் ஒன்றும் இல்லை. அப்படியானால் இருந்தது குப்பியில். ஒருமுறை போட்ட குப்பியைத் தூக்கி எறிய வேண்டும். ஆனால் கம்பெனிக்கு மனசு வருமா? கழுவி மறுபடி உபயோகி என்று எப்போதோ உத்தரவு. அந்த வேலையை வேறு யார் கையிலும் விடாமல், நம்பாமல், பொன்னேரி சந்தையில் வாங்கிய பிரஷை வைத்துத் தேய் தேய் என்று தேய்ப்பவள் யார்? இவளேதான். மருந்து திக்காக இருந்த குப்பி, வெறும் குப்பி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பிரஷ்.

பிரஷின் முடியைச் சுத்தமான கரைசலில் முக்கி, அந்தக் கரைசலை மெஷினில் வைத்துப் பார்த்தாள். மேடா அது? மலை!

"ஐயோ, ஆண்டவரே" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் பார்க்கவில்லை. பிரஷைக் குப்பையில் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை அவளால். அவள் அம்மா நாற்று நட்டவள். தாகம் என்று கேட்டால் வயல்காரர்கள் சொம்பைக் கையில் தராமல், எட்ட நின்று உள்ளங்கையில் ஊற்றுவார்கள். 'உன் கை அழுக்கு' என்று அவர்கள் வாயால் சொன்னதுகூட இல்லை. இவள் சொல்லிவிட்டாள், அதுவும் ஊர் கேட்க. அவமானம் தாங்காமல் அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, பழக்க தோஷம், கையைக் கழுவிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

பூவராகவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பாடா! மருந்துல கோளாறு இல்லைங்கிறீங்க. லாட் தப்பிச்சுது. விடுங்க மேடம், கிளீனிங் ஆள் யாரோ சரியா கழுவலைன்னு போட்டுடலாம்."

"கழுவுனது நான்தான் சார். என் பேரையே போடுங்க."

"எதுக்கு மேடம் வம்பு?"

"பாய்க்கு பேக்கிங் கிடையாதுன்னு இப்பவே சொல்லுங்க. இல்லாட்டி திங்கக்கிழமை நானும் அங்கதான் வந்து நிப்பேன். உங்க பேக்கிங் ஹால் தரை இருக்கிற லட்சணத்துக்கு..."

"சரி, சரி! பாயை மாத்தலை!" என்றார் அவர் அவசரமாக. கிறிஸ்டினா பேக்கிங்கில் நுழைந்தால் ஒரு அட்டைப்பெட்டிகூட வெளியே போகாது என்று அவருக்குத் தெரியும்.

தொழுகை முடிந்து வந்த சஹாபுதீனை வாசலிலேயே மறித்து எல்லாவற்றையும் கொட்டினாள். மன்னித்துவிடுங்கள் என்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இங்க சொல்றீங்க. அன்னிக்கு இங்கயா சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுக் கேண்டீனுக்கு நடந்தார்.

பின்னாலேயே போனாள். கேண்டீன் நிறைந்திருந்தது. சஹாபுதீன் தட்டு வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். இவள் நடுவில் போய் நின்றாள். மெல்லச் சொன்னாள்:

"பாய் கை அழுக்குன்னு அன்னிக்கு சொன்னேன். அது தப்பு. அழுக்கு என் கிட்டதான் இருந்துச்சு."

பக்கத்து மேஜைக்காரர்கள் நிமிர்ந்தார்கள். சஹாபுதீன் தலையைத் தூக்காமலே கேட்டார். "அன்னிக்கு இவ்ளோ மெதுவாவா சொன்னீங்க மேடம்?"

கிறிஸ்டினா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். பிறகு கத்தினாள் பாருங்கள், சமையற்காரர் கரண்டியோடு வெளியே ஓடி வந்துவிட்டார்:

"பாய் கை சுத்தம்! அழுக்கு என் கை! நான்தான் தப்பு பண்ணேன்!"

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்த சஹாபுதீன், ஸ்பூனைத் தட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, சோற்றைக் கையால் பிசைய ஆரம்பித்தார்.