ஆணியில் தொங்கிய ஸ்பூன்

என் வேனில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு ஸ்பூன் தொங்குகிறது. காம்பு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அதன்மேல் பழைய சைக்கிள் ட்யூபைத் தடிமனாகச் சுற்றியிருக்கும். "இன்னா நைனா, ஸ்பூன் கோணலா கீது? தூக்கிப் போடு" என்று என் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவர்களுக்காகவும் அவர்கள் வயதுள்ள உங்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், கை கால் சரியாக வராத, பேச்சு வராத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு நான் வேன் ஓட்டுகிறேன். அதை நடத்தியவரைப் பெரிய டீச்சர் என்போம். ஒரு தகரக் கொட்டகையில் ஆரம்பித்து, மற்ற பள்ளி டீச்சர்களுக்கே பயிற்சி கொடுக்கும் அளவுக்கு உயர்ந்தவர். ஆனாலும் காலையில் வாசலில் நின்று, இறங்கும் ஒவ்வொரு பிள்ளையின் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பார். ஒட்டியிருந்தால் முதலில் கஞ்சி, அப்புறம்தான் பாடம். பாப்பா என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு பெண், திங்கட்கிழமையானால் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறுவாள். முரட்டுப் பிள்ளை என்றுதான் நான் நினைத்தேன். டீச்சர் நம்பவில்லை. ஒரு சாயங்காலம் என் வேனிலேயே கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் இருந்த அவர்கள் அறைக்குப் போனோம். அம்மா மட்டும்தான், சனி, ஞாயிறும் வேலை. "நான் இன்னா பண்றது டீச்சர்? வேலைக்குப் போவலன்னா சோறு ஏது? பெசஞ்சி பக்கத்துல வெச்சிட்டுத்தான் போறேன். வந்து பாத்தா எறும்பு துன்னுகினு கீது" என்று அழுதார். சோறு இருந்தது. முறுக்கிக்கொண்ட கைதான் வாய்வரை போகவில்லை.

மறுநாள் டீச்சர் சொன்னபடி நான் ஸ்பூனைக் குறடால் வளைத்து ட்யூப் சுற்றிக் கொடுத்தேன். பாப்பாவுக்கு அதுதான் பாடம். "ஸ்பூன் புடிக்கவா ஸ்கூலு? அ ஆ எப்ப வரும்?" என்று இன்னொரு பிள்ளையின் அம்மா சீண்டினார். "அ ஆ எங்கயும் ஓடிடாதும்மா. பசி நிக்காது" என்றார் டீச்சர். பல மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பாதிக் கஞ்சி கன்னத்திலும் மீதி வாயிலுமாக, பாப்பா தானே சாப்பிட்டுச் சிரித்தாள். கூட்டிப்போக வந்த அவள் அம்மா, "அந்த ஸ்பூன ஊட்டுக்குக் குடு டீச்சர்" என்று கையேந்தினார். டீச்சர் யோசித்தார். கை தப்பாகப் பழகிவிட்டால் திருத்துவது கஷ்டம் என்பது அவர் படித்த படிப்பு. "இன்னும் ஒரு வாரம் இங்கயே பழகட்டும்" என்று ஸ்பூனைக் கழுவி, வகுப்புச் சுவரில் பாப்பாவின் படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார்.

திங்கட்கிழமை அந்த அறை பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமையே கான்ட்ராக்டர் வேறு எங்கோ வேலைக்கு அவர்களை ஏற்றிப்போய்விட்டாராம். கான்ட்ராக்டர் போன் எடுக்கவில்லை. ஊத்துக்கோட்டை என்றார்கள், ஆந்திரா என்றார்கள். போய்ப் போய்ப் பார்த்தோம். பெரிய ஆபீசர்களிடம் பேசிப் பல பள்ளிகளில் கஞ்சி வரவைத்த டீச்சருக்கு, அந்த ஒரு வாய்க்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குப் பிறகு, எந்தப் பிள்ளைக்கும் முதல் வாய் உள்ளே போன அன்றே ஸ்பூனை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். பயிற்சிக்கு வரும் டீச்சர்களிடம், "நல்லா பழகட்டும்னு காத்திருக்காதீங்க" என்பார்.

ஓய்வு பெற்ற அன்று அந்த ஆணியிலிருந்து ஸ்பூனைக் கழற்றி என்னிடம் தந்தார். "வண்டியிலயே இருக்கட்டும். எங்கயாவது பாத்தா குடுத்துடுங்க." இந்நேரம் பாப்பாவின் கை வளர்ந்திருக்கும். இந்தப் பிடி அவளுக்குப் போதாது. தெரிந்தும், ட்யூப் வெடித்துப் போனால் புதிதாக ஒன்றை வெட்டிச் சுற்றி, திரும்ப மாட்டிவைக்கிறேன்.