தமிழ்ப் பலகையில் மட்டும் ஒரு பஞ்சம்

1. கை நின்ற இடம்

கண்காட்சித் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வேலையை நிறுத்திவிட்டேன். சிங்கப்பூர் அருங்காட்சியகங்களுக்குத் தமிழ்ப் பலகை மொழிபெயர்த்துக் கொடுத்த இத்தனை வருடத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை.

கண்காட்சி, 1877ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாழ்க்கையைப் பற்றியது. நுழைவாயிலில் நான்கு மொழிகளில் அந்த வருடத்து நிகழ்ச்சிகள். விம்பிள்டனில் முதல் டென்னிஸ் போட்டி. எகிப்திலிருந்து லண்டனுக்கு இழுத்து வந்த கல்தூண் கடலில் புயலில் சிக்கியது. ஜனவரி முதல் தேதி, டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தது.

அந்த டில்லி வரியில்தான் கை நின்றது. அதே ஜனவரியில் சென்னை மாகாணம் சோறில்லாமல் செத்துக்கொண்டிருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்பார்கள் எங்கள் வீட்டில். என் கொள்ளுத்தாத்தா சேலத்துப் பக்கமிருந்து நாகப்பட்டினத்துக்கு நடந்தே வந்து, பினாங்குக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். கூடப் புறப்பட்ட தாயும் தங்கையும் வழியிலேயே போய்விட்டார்கள். நான் சிங்கப்பூரில் பிறந்ததற்குக் காரணம் அந்தப் பஞ்சம்தான், டென்னிஸ் இல்லை.

இதை என் மகள் மீனாவிடம் ஆரம்பித்தாலே, “அப்பா கதை விடுறாரு” என்று சிரிப்பாள். சுவரில் அச்சில் பார்த்தால் நம்புவாள் என்று எனக்கு ஒரு ஆசை.

கண்காட்சிப் பொறுப்பாளர் சுமதி நம்ம தமிழ்ப் பெண்தான், மீனா வயது. அவளிடம் போனேன்.

“பஞ்சத்துக்கு ஒரே ஒரு வரி சேத்துக்கலாம்மா.”

“டாபிக் பிரிட்டிஷ் லைஃப்தான்லா அங்கிள். இது இந்தியா மேட்டர்.”

“டில்லி தர்பார் மட்டும் எந்த ஊர் மேட்டர்?”

பாவம், அவளுக்கு மேலே எத்தனையோ பேர். மாலையில் அவளே போன் செய்தாள்.

“இங்கிலீஷ் டெக்ஸ்ட் அப்ரூவ் ஆயிடுச்சு, தொட முடியாது. சைனீஸ், மலாய் பிரிண்டிங் போயிடுச்சு. நீங்க தமிழ்ல மட்டும் போட்டுக்குங்க அங்கிள்.”

“மேல யாரும் கேக்க மாட்டாங்களா?”

“தமிழ்ப் பலகைய யாரு அங்கிள் படிக்கப் போறா?”

உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். எனக்கு அது உதவியாகப் படவில்லை. ஆனாலும் எழுதினேன்: “இதே ஜனவரியில் சென்னை மாகாணத்து மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தார்கள். தப்பியவர்களில் சிலர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.” தமிழ் எப்போதும் அதிக இடம் பிடிக்கும். டிசைனர் வழக்கம்போல எழுத்தைச் சிறிதாக்கினார்.

2. வராத புகார்

திறந்ததும் புகார் வரும் என்று காத்திருந்தேன். கொடுக்க வேண்டிய பதிலை ஆங்கிலத்தில் மனப்பாடமே செய்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. “ஒரு பிரச்சினையும் இல்ல அங்கிள், சூப்பர்” என்றாள் சுமதி.

கண்காட்சியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருக்கும் மீனாவை வரச் சொன்னேன். அந்த வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. அவளே கண்டுபிடிக்கட்டும் என்று தள்ளி நின்றேன். பலகை முன்னால் நிதானமாகத்தான் நின்றாள்.

“நல்லா இருக்குப்பா. டென்னிஸ் அப்பவே வந்துடுச்சா?”

“வேற ஒண்ணும் பாக்கலயாம்மா?”

“இங்கிலீஷ்ல முழுசா படிச்சிட்டேனே. தமிழ் எழுத்து பொடிப்பொடியா இருக்கு. எல்லாம் சேம் திங் தானேப்பா?”

நான்கு மொழியிலும் ஒரே விஷயம் இருக்கும் என்று நம்பித்தான் இந்த ஊரே பலகை படிக்கிறது. அந்த நம்பிக்கைக்காகத்தான் நானும் காலமெல்லாம் உழைத்தேன். அவளைத் திரும்பக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கலாம். காட்டினால் அதுவும் அப்பா சொன்ன கதையாகிவிடும்.

“ஆமாம்மா, சேம் திங்தான்” என்றேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் தமிழை வெட்ட வந்தால் சண்டை போடுங்கள், அதில் இன்னும் உயிர் இருக்கிறது. இஷ்டப்படி எழுதிக்கொள் என்று விட்டுவிட்டால்தான் பயப்பட வேண்டும்.