தயா வீடியோவின் ஒன்பது நிமிடப் பேய்

சேலையூர் கேம்ப் ரோட்டில் 'தயா வீடியோ' வைத்திருந்த தயாளனுக்கு ஜனங்களைப் பயமுறுத்திப் பார்ப்பதில் அப்படியொரு ஆசை. தொழிலோ கல்யாண வீடியோ எடுப்பது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள், அவர் எடுத்த கல்யாணங்களைப் பார்க்காதவர்கள்.

எண்பத்தாறில் கடை திறந்தார். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் இங்கிலீஷ் பேய்ப்படக் கேசட்டுகளை வாடகைக்கு விட்டார். ஏறக்குறைய எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். பதினேழு வயசுப் பெண் பெரிய வீட்டில் தனியாக இருப்பாள். ஏதோ சத்தம் கேட்கும். ஓடிப்போக வேண்டியவள், புத்தியைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தம் வந்த பக்கமே போய்க் கதவைத் திறப்பாள். வசனம் தயாளனுக்குப் புரியாது. அதனால் படத்தை விட்டுவிட்டு, பார்க்கிறவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, படம் பார்க்க வந்த அக்கம்பக்கத்து ஜனங்களின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்வார். எந்த இடத்தில் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறார்கள், எந்த இடத்தில் முறுக்கு பாதிக் கடியில் நிற்கிறது என்றெல்லாம் நோட்டில் எழுதிவைத்தார். ஒருநாள் சத்தத்தை நிறுத்திப் படத்தை மட்டும் ஓட்டினார், யாரும் அசையவில்லை. மறுநாள் டிவிமேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்தார். சமையலறையில் தனியாக இருந்த அவர் மனைவி கனகவல்லி, கரண்டியோடு வந்து கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று வருஷத்தில் தயாளன் நிபுணர் ஆகிவிட்டார், யாரும் கேட்காமலேயே. மியூசிக் சட்டென்று நின்றால் ஏதோ வரப்போகிறது, ஆனால் முதலில் வருவது வெறும் பூனையாக இருக்கும், அப்பாடா என்று மூச்சு விடும்போதுதான் பேய் வரும் என்று டீக்கடையில் பாடம் எடுப்பார். பீரோவுக்குப் பின்னாலிருந்து கேமரா எட்டிப் பார்த்தால் பார்ப்பது நாமல்ல, கொலைகாரன் என்பார். அவர் மிகவும் மெச்சியது முகத்தைக் காட்டாமல் இழுத்தடிப்பதை. முதலில் செருப்பைக் காட்டு, அப்புறம் கையைக் காட்டு, துடிக்கவிட்டுக் கடைசியில் முகத்தைக் காட்டு. தனக்கு மட்டும் பயம் வராது என்பதில் அவருக்குப் பெருமை.

"இன்னா வரும், எப்போ வரும்னு தெரிஞ்சிக்கினவனுக்குப் பயமே கெடையாது மச்சான்" என்பார்.

கற்றதையெல்லாம் கல்யாணங்களில்தான் பழகிப் பார்த்தார். ஊரப்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளையின் அத்தையை வாழைமரத்துக்குப் பின்னாலிருந்து மெல்ல மெல்ல நெருங்கி எடுத்ததில், பந்திக்குக் காத்திருந்த அந்தம்மா யாரையோ தீர்த்துக்கட்டக் காத்திருப்பதுபோல் பதிவானாள். இரண்டு குடும்பத்துக்கும் அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. படப்பைக் கல்யாணம் ஒன்றில் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தை வெட்டி எடுத்துவிட்டு அங்கே மௌனத்தை வைத்தார். கேசட்டைப் பார்த்த பெண்ணின் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியதாம். ஆனாலும் கூப்பிட்டார்கள், முகூர்த்த நாளில் வேறு கேமராக்காரன் கிடைத்தால்தானே.

உள்ளூர் ஸ்கூல் மெட்டில்டா டீச்சரின் மகள் ஹில்டா கல்யாணத்தையும் இவர்தான் எடுத்தார். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சரின் கணவர் லாசரஸ் சர்ச் படியேறி வரும் காட்சியில், தயாளன் முதலில் அவருடைய புது ஷூவைக் காட்டினார். பிறகு பேன்ட், கோட்டுப் பொத்தான், டை என்று கேமரா ஊர்ந்து ஏறி, முகத்துக்கு வந்துசேர அரை நிமிஷம் ஆனது. லாசரஸ் கேமராவைக் கண்டால் ஒதுங்குகிற மனிதர். அன்று மீதி நேரமெல்லாம் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தி விசாரித்தார். கல்யாணம் முடிந்த நாலாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். போட்டோவில் இருக்கிறார், நடந்து வந்து சிரிப்பது இந்தக் கேசட்டில் மட்டும்தான். டீச்சர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அதைப் போட்டுப் பார்ப்பார். பார்த்தபின் முகம் தெரிகிற இடத்துக்கே சுற்றி நிறுத்திவைப்பார். அடுத்த வாரம் போட்டதும் முகம் வந்துவிட வேண்டும் அவருக்கு.

கல்யாணமாகிப் பஹ்ரைன் போன ஹில்டா தொண்ணூற்று நாலில் ஒரு காப்பி கேட்டாள். டீச்சர் கேசட்டைக் கடைக்கு எடுத்து வந்தார்.

"அவர் முகம் வர்ற எடத்துல நிறுத்தி வெச்சிருக்கேன். இது ஒண்ணுதான் இருக்கு தயாளன், பத்திரம்."

தயாளன் எடுத்த மூலக் கேசட் எப்போதோ போய்விட்டது. ஆறு மாதம் ஆனால் அதன்மேலேயே வேறு கல்யாணத்தை எடுத்துவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். நாளைக்கே காப்பி போட்டுத் தருவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு, அழித்துப் பதிவதற்காக அடுக்கியிருந்த பழைய கேசட்டுகளின் மேல் அதை வைத்தார். அந்த 'நாளை' வருவதற்குள் நாற்பது நாள் ஓடியது.

காரணம், தயாளன் சொந்தமாகப் பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். முழுப்படம் இல்லை, ஆரம்பக் காட்சி மட்டும், ஒன்பது நிமிஷம். ஒரு ஹால் நிறைய ஜனங்கள் மூச்சை அடக்கி உட்கார்ந்து, ஒரே நேரத்தில் வீலென்று கத்த வேண்டும். அதை ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவர் வாழ்க்கை லட்சியம். டீச்சரிடம் பிளஸ் டூ படித்த அருள்மேரி தனியாக இருக்கும் பெண்ணாக நடித்தாள். பூனை கிடைக்காததால் கனகவல்லியின் கோழி நடித்தது. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டிப் பதிய கேசட் தேவைப்பட்டபோது, அடுக்கில் மேலே இருந்ததை எடுத்தார். கல்யாணக் கேசட் அழியாமலிருக்க அதன் விளிம்பில் இருக்கும் சின்னத் தகட்டை உடைத்திருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியும். தயாளன் ஒட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை, கேசட் நின்ற இடத்திலிருந்தே பதிந்தார். கலைஞனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்.

காலனி சங்க ஹாலில் ஞாயிறு மாலை நாலு மணிக்குப் படம். ஜன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார். அருள்மேரியின் வகுப்பே வந்திருந்தது; மாணவி நடித்ததைப் பார்க்க டீச்சரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தயாளன் வழக்கம்போல் ஸ்டூல் போட்டுக்கொண்டு ஜனங்களைப் பார்த்தார்.

இருட்டு. குழாய் சொட்டும் சத்தம். அருள்மேரி பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் புத்தகம் எடுக்கப் போனாள். மியூசிக் நின்றது. ஹாலே மூச்சை அடக்கியது, தயாளனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து கேமரா எட்டிப் பார்க்கும்போது மூன்றாம் வரிசையிலிருந்து கனகவல்லியின் குரல் வந்தது.

"பால் பொங்குது பாரு, அடுப்ப அணைடி."

பொம்பளைகள் அத்தனை பேர் கண்ணும் பாலுக்குப் போய்விட்டது. பின்னால் நின்ற பேயை ஒருத்தியும் பார்க்கவில்லை. கோழி குறுக்கே நடந்தது, சிரிப்பு ஆரம்பித்தது. பேயின் முகம் கடைசியில் வந்தபோது அதைச் சுற்றி ரோஜாப்பூ வைத்த ஹார்ட்டின் வடிவம். தயாளனின் வீடியோ மிக்ஸரில் கல்யாணத்துக்கான அலங்காரம் தவிர வேறெதுவும் கிடையாது. பையன்கள் தரையில் விழுந்து சிரித்தார்கள். எட்டு வருஷ ஆராய்ச்சி இப்படிக் கோழியிடம் தோற்றதில் தயாளனுக்கு அழுகையே வந்தது.

அப்போது பேய் மறைந்து, திரையில் ஹில்டா கேக் வெட்டினாள்.

பையன்களுக்கு இதுவும் வேடிக்கைதான். டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து டிவிக்குப் பக்கத்தில் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் முன்வரிசை அடங்கியது, பிறகு ஹால் முழுவதும் அடங்கியது.

"இதுக்கு முன்னாடி போங்க" என்றார்.

தயாளன் சுற்றினார். ஹார்ட்டுக்குள் பேய் வந்தது. கோழி பின்பக்கமாக நடந்தது. பால் பாத்திரத்துக்குள் இறங்கியது.

"இன்னும் முன்னாடி."

புது ஷூ இரண்டு சர்ச் படியில் ஏறின. பேன்ட் வந்தது. கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வந்தன. டை வந்தது, காலர் வந்தது, மோவாயின் நிழல் தெரிந்தது. திரை இருண்டு குழாய் சொட்டியது.

டீச்சர் திட்டவில்லை. தப்பாகப் போட்டிருப்பார் என்று நம்புகிறவர்போல, மறுபடியும் போடச் சொன்னார். தயாளன் போட்டார். மறுபடியும் குழாய் சொட்டியது. இன்னொரு தடவை என்றார். அருள்மேரி விசும்புவது கேட்டது.

மூன்றாம் முறை ஷூ படியேறி வந்தது. என்ன வரும், எப்போது வரும் என்று அந்த ஹாலிலேயே நன்றாகத் தெரிந்தவர் தயாளன்தான். டை தெரிந்ததும் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.