சிரித்துவிட்ட காலை

தெய்வசிகாமணி 2014இல் சுரங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டியிருந்த வீட்டுக்கு மனைவி கஸ்தூரியம்மாளுடன் குடிபோனார். அடுத்த வருஷமே காது மந்தமாகிவிட்டது. டாக்டர் காதில் மாட்டும் மிஷின் ஒன்றைக் கொடுத்து, "வீட்டுலயே அடைஞ்சு கெடக்காதீங்க. நாலு பேரோட பழகுங்க," என்று உரக்கச் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பேச்சை அவர் தட்டவில்லை. தினமும் காலையில் சைக்கிளில் டவுன்ஷிப் பூங்காவுக்குப் போனார். கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஏழெட்டுப் பேர் நடந்து முடித்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருவர் மட்டும் பேசினால் மிஷின் உதவியது. எல்லோரும் சேர்ந்து பேசினால் வெறும் இரைச்சல்தான். "என்ன சொன்னீங்க?" என்று எத்தனை முறை கேட்பது? மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிக்கப் பழகிக்கொண்டார். அவர்களில் சிங்காரவேல் வாயைத் திறந்தாலே கேலிதான். அவர் பேச்சுக்கு மட்டும் தெய்வசிகாமணி முன்கூட்டியே சிரித்துவிடுவார்.

ஒரு புதன்கிழமை சிங்காரவேல் தாமதமாக வந்தார். வந்ததும் ஏதோ சொன்னார். தெய்வசிகாமணி சத்தமாகச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சிங்காரவேல் அவரையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

பக்கத்திலிருந்த சேவியர்ராஜ் காதருகே குனிந்தார். "அம்சவல்லிக்கு இனிமே வைத்தியம் இல்ல, வூட்டுக்கு இட்டுகினு போங்கன்னு டாக்டரு சொல்லிட்டாராம்."

அம்சவல்லி சிங்காரவேலின் மனைவி. இரண்டு குடும்பமும் இருபது வருஷம் எதிரெதிர் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள்.

அன்று மாலையே தெய்வசிகாமணி கஸ்தூரியம்மாளையும் அழைத்துக்கொண்டு சிங்காரவேல் வீட்டுக்குப் போனார். "எனக்குக் காதுல வுழலப்பா. நீ எப்பவும் போல தமாஷ் பண்றேன்னு நெனச்சுட்டேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். சிங்காரவேல் தலையைக் குனிந்தபடி நீளமாக ஏதோ சொன்னார். உதடு அசைவதுகூடத் தெரியவில்லை.

தெருவுக்கு வந்ததும், "என்ன சொன்னான்?" என்று மனைவியைக் கேட்டார்.

"பரவால்லன்னாருங்க."

"அவ்ளோ நேரம் அதையா சொன்னான்?"

கஸ்தூரியம்மாள் முன்னால் நடக்கத் தொடங்கினார்.

பதினெட்டாம் நாள் அம்சவல்லி இறந்துபோனார். தெய்வசிகாமணி நாற்காலி போட்டார், தண்ணீர் சுமந்தார், மூன்று நாளும் அங்கேயே கிடந்தார். சிங்காரவேல் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசி, தனக்குத்தான் கேட்காமல் போயிற்றோ என்றும் அவருக்குத் தோன்றியது.

அதன்பிறகு பூங்காவுக்கு ஐந்து மணிக்கே போகத் தொடங்கினார். ஆட்கள் வருவதற்குள் நாலு சுற்று நடந்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"எல்லாரையும் பாத்தீங்களா?" என்று ஒரு நாள் கஸ்தூரியம்மாள் காதருகே வந்து கேட்டார்.

"பாத்தேனே. சிங்காரவேல்கூட வந்திருந்தான்."

சிங்காரவேல் சேத்தியாத்தோப்பில் இருக்கும் மகள் வீட்டோடு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பஸ் ஏற்றிவிட்டு வந்தது கஸ்தூரியம்மாள்தான். இதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அன்றிலிருந்து தவித்துக்கொண்டிருந்தார். காபியை ஆற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.