கால்மிதிப் புகை

எனக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சிவந்துவிடும் என்று மனைவி சொல்லுவாள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், வாடகை வீட்டின் சுடுதண்ணீர்ப் பொயிலர் அலமாரியைத் திறந்த அன்று என் காதைப் பார்க்க அவள் பக்கத்தில் இல்லை. மகளோடு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். இந்த நாட்டில் இருக்க எனக்கு அனுமதி கிடைத்தால்தான் அவர்கள் வரலாம். அதற்கான இன்ரவியூ வருகிற செவ்வாய்க்கிழமை. அதற்கென்று வாங்கிய ஒரே கோட்டை எடுக்கத்தான் அந்த வியாழக்கிழமை அலமாரியைத் திறந்தேன்.

கோட்டின் இரண்டு பக்கமும் கஞ்சா தொங்கியது.

ஒன்றிரண்டு இலை அல்ல. ஐந்து முழுச் செடிகள், சப்பாத்து நாடாவில் தலைகீழாகக் கட்டியபடி. ஒரு கொப்பு என் கோட்டின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பல நாள் கூட்டாளிபோல நின்றது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவன் மன்னார்க்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், பெற்றோல் நிலையத்தில் வேலை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவன். அவனுக்கு விசா கிடைத்து ஒரு வருடமாகிவிட்டது. அந்த நினைப்பே என் காதை இன்னும் சிவப்பாக்கியது.

"என்னடா இது?"

"கத்தாதேங்கோ அண்ணை. காயுது."

"காயுதோ! எங்க வளர்த்தனீ?"

"கிரீன்ஹவுசில, தக்காளிக்குப் பின்னால. நீங்கள்தானே கோடை முழுக்கத் தண்ணி விட்டனீங்கள்."

உண்மைதான். வெள்ளைக்காரரின் ஏதோ பூச்செடி என்று நினைத்து, ஒரு நாள் அதற்குக் குச்சி நட்டுக் கட்டியும் விட்டிருந்தேன். தோட்டம் செய்யும் கமக்காரன் மகன் நான்.

பொலிஸ் வந்தால், கை விலங்கு, பேப்பரில் படம், லொட்ஜ் வாசலில் தந்தியோடு மனைவி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கண்டேன். ஒரு பிடியைப் பிய்த்துக் கக்கூசில் போட்டுத் தண்ணீர் அடித்தேன். மிதந்தது. மறுபடி அடித்தேன். சுற்றிவந்து என்னையே பார்த்தது. கடைசியில் கையை விட்டு அள்ளினேன்.

"எறியடா எல்லாத்தையும்!"

"எங்க எறியிறது? குப்பைக்காரன் காணமாட்டானோ? ரெண்டு கிழமை பொறுங்கோ அண்ணை. முதல் வெட்டினதைப் பதப்படுத்தக்கூடத் தொடங்கியிட்டன்."

அவன் ஓர் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினான். உள்ளே இலை பச்சையாக நெருங்கிக் கிடந்தது. போத்தலின் சுவர் வியர்த்திருந்தது. மூடிக்குக் கீழே வெள்ளைப் பூஞ்சணம்.

இந்த இடத்தில்தான் என் மூளை கழன்றது. செவ்வாய்க்கிழமையும் லொட்ஜும் மறந்துபோயின. எங்கள் வீட்டார் இரண்டு தலைமுறையாகப் புகையிலை பயிரிட்டுப் பதப்படுத்தியவர்கள். ஈர இலையைப் போத்தலில் அடைத்தவனை நான் எப்படி மன்னிப்பேன்?

"காய முன்னம் மூடச் சொன்னவன் ஆர்?"

"பெற்றோல் அடிக்க வாற ஒரு வெள்ளை."

"அவனுக்கு என்ன தெரியும்? இலையை முதல் வாடவிட வேணும். பிறகு குவிச்சுப் புழுங்க வைக்க வேணும். அதுக்குப் பிறகு புகை போட வேணும். விடு, தள்ளு!"

எறியச் சொன்ன அதே வாய்.

அன்று பின்னேரமே செடிகளைத் தோட்டத்து ஷெட்டுக்குள் கொண்டுபோனேன். சாக்கால் மூடிப் புழுங்க வைத்தேன். வெள்ளிக்கிழமை பனங்கட்டியைக் கரைத்துத் தெளித்து, கயிறுபோல முறுக்கிக் கட்டினேன். "அண்ணை, இதுக்கு இனிப்பு போடுறதில்லை" என்று அவன் மெல்லச் சொன்னான். "நீ வாயை மூடு" என்றேன். கோட்டை மணம் போகட்டும் என்று தோட்டத்துக் கொடியில் போட்டேன்.

சனிக்கிழமை புகை. சமையலில் மிச்சமான தேங்காய்ச் சிரட்டைகள் நெருப்புக்கு இருந்தன. புகைக்குத் தேங்காய் மட்டையின் பொச்சு வேண்டும். லண்டனில் பொச்சுக்கு எங்கே போவது? வாசலில் கிடந்த தும்புக் கால்மிதி கண்ணில் பட்டது. தும்பு என்றால் தேங்காய்ப் பொச்சுத்தானே. இரண்டாக வெட்டி நெருப்பில் வைத்தேன். அதன் அடியில் ரப்பர் ஒட்டியிருந்ததை நான் யோசிக்கவில்லை.

கால் மணி நேரத்தில் ஷெட் ஒரு ரயில் எஞ்சின்போலப் புகை விட்டது. கன்னங்கரியதாக அது வேலிக்கு மேலால் போய், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மாவின் படுக்கை விரிப்புகளில் இறங்கியது. அவர் எங்களைத் திட்டவில்லை. உள்ளே போய்ப் போன் எடுத்தார். அது இன்னும் மோசம்.

தீயணைப்பு வண்டி வந்தது. பெரிய சப்பாத்துகளோடு இரண்டு பேர் ஷெட்டுக்குள் போனார்கள். நான் ஏனோ இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். ஒருவரும் தூக்கச் சொல்லவில்லை.

"கையை இறக்குங்கோ அண்ணை" என்று அவன் பல்லைக் கடித்தான். "ஆமிக்காரனோ வந்திருக்கிறான்?"

தண்ணீர் அடித்து முடித்த பெரியவர், சொட்டச் சொட்ட ஒரு கறுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மணந்து பார்த்தார். பனங்கட்டியும் ரப்பரும். இது என்ன என்று கேட்டார்.

"புகையிலை" என்றேன். தொண்டையிலிருந்து கோழிக்குஞ்சின் குரல் வந்தது. "எங்கள் ஊர் முறை."

அவர் என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கயிற்றை இன்னொரு முறை மணந்தார். புகைக்கும் பழக்கத்தை விடுவது நல்லது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அதை என் கையிலேயே தந்தார். அவருக்கு விளங்கியதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வண்டி போனபின் அவன் தலையில் கை வைத்தான். "நாலு மாசம் வளர்த்தனான் அண்ணை. நாசமாக்கிப் போட்டியள்."

"நாசமோ? அங்க ரெண்டு சீவன் என்னை நம்பிக்கொண்டு இருக்குது! உனக்கு விளங்குமோ?"

கத்திக்கொண்டு போனவன் பாதியில் நின்றேன். அந்த இரண்டு சீவனையும் ஒரு பூஞ்சணம் பிடித்த போத்தலுக்காக மறந்தவன் அவன் அல்ல. அவன் கொடியிலிருந்த கோட்டை எடுத்து உதறத் தொடங்கினான். கஞ்சா மணம் போய்விட்டிருந்தது. வேறு மணம் வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி கேள்வி கேட்டுக்கொண்டே எழுந்து யன்னலைத் திறந்தார். வீட்டில் நெருப்பா என்றார். "சிறிது" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

எட்டு மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. அவர்கள் வந்து சேர்ந்த கிழமை, மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொலிஸ் பிடித்திருந்தால் உன்னைப் பார்த்தே இருக்கமாட்டேன் என்றேன். அழுவாள், ஏசுவாள் என்று காத்திருந்தேன். அவளும் புகையிலைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை.

"ரப்பரைக் கழட்டாமலோ புகை போட்டனீங்கள்?" என்றாள்.

என் காது சிவந்ததை மகள்தான் முதலில் கண்டாள்.