மேலே இருந்தவர்

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் கிரேன்காரர். ஐந்து மாடி உயரத்தில், ஒரு ஆள் மட்டுமே உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டில் பாதி வாழ்க்கை கழிந்தது. கல்யாணம் ஆகவில்லை. ஒரே நண்பன், கீழே சரக்குக்குக் கொக்கி மாட்டுகிற நெட்டையன். பெட்டி தலைக்கு மேல் தொங்குகிறது, விலகி நில் என்று யாராவது சொன்னால் கூண்டைக் காட்டி, "மேல இருக்கிறவன் பாத்துக்குவான்" என்பான்.

ஒரு காலை, கிரேன்காரர் நெம்புகோலைத் தள்ளிய நேரத்தில் இரும்பு வடம் அறுந்தது. பெட்டி விழுந்து நெட்டையன் அந்த இடத்திலேயே உயிரை விட்டான்.

வடம் உள்ளுக்குள் துருப்பிடித்திருந்தது, இவர்மேல் குற்றமில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். ஆளாளுக்கு விதி என்றார்கள். அவர் தன்னையே கேட்டுக்கொண்டார்: வடம் இற்றது சரி, தள்ளிய கை யாருடையது? மறுபடி கூண்டில் ஏற முடியவில்லை. கிடங்கு வேலைக்கு மாற்றிக்கொண்டார். வாடகை அறையில் சமைத்ததை நின்றபடியே தின்றுவிட்டுப் படுப்பார்.

டயர் கடை மாடியில் சூஃபி வழியில் நடப்பவர்கள் சிலர் வாரம் ஒருமுறை கூடுவார்கள். அங்கே போகத் தொடங்கினார். அவர்களின் வழிகாட்டி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், இவரைவிட வயதில் சிறியவர். உலகம் ஒருமுறை படைத்துப் போட்டதல்ல, மூச்சுக்கு மூச்சு இறைவனின் 'ஆகு' என்ற சொல்லால் புதிதாக வருகிறது என்றார். செயலைப் படைப்பது இறைவன், அதை நாடித் தனதாக்கிக்கொள்வது மனிதன் என்றார்.

"அப்படின்னா என் கையையும் அறுந்த வடத்தையும் அந்த நொடியில அவன்தானே ஆக்கினான்? நான் எதுக்கு வேகணும்?" என்று கேட்டார் கிரேன்காரர்.

வழிகாட்டி திருப்பிக் கேட்டார்: "இறந்தவரு வீட்டுக்குப் போனீங்களா?"

போகவில்லை. அடக்கத்துக்குக்கூடத் தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பியவர்தான்.

அந்த வாரமே போனார். நெட்டையனின் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் காட்டிவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தையலை முடித்து நூலை அறுத்த பிறகு அவள்தான் பேசினாள்.

"அண்ணே, அவரு போனது அல்லாஹ்வோட நாட்டம். அத நான் அழுது தீத்துட்டேன். நீங்க வராம இருந்தது உங்க நாட்டம். அதுதான் இன்னும் ஆறல."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தாள். கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வீட்டில்தான் இருப்பேன் என்றாள்.

அதன்பின் வெள்ளிதோறும் போனார். பேச்சு அதிகமில்லை. அவர் பொத்தான் தைக்கப் பழகியதுதான் மிச்சம். பிறகு வெளிநாட்டிலிருந்த மகள் வந்து தாயை அழைத்துக்கொண்டு போனாள். ஆரம்பத்தில் போன் வந்தது, அப்புறம் அதுவும் குறைந்தது.

கிரேன்காரர் இப்போதும் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் குளித்துச் சட்டை மாற்றிக்கொள்கிறார். போக வீடில்லை. இருட்டும்வரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார்.